ஆறு கொண்டுபோய்விடுமா?



"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று நம் பெரியவர்கள் ஒரு பழமொழி சொல்லி வைத்தார்கள். ஆற்றில் போடுவது எப்படியும் போகத்தானே போகிறது, அதற்கு எதற்கு அளவு என்று கேட்கத் தோன்றும். பணத்தையும் பண்டத்தையும் கணக்குப் பார்த்துச் செலவிட வேண்டும் என்பதற்காகச் சொன்ன பழமொழி அது. ஆனால், இன்று நாம் பேசவிருக்கும் விஷயத்துக்கு அது சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. நம் வீட்டுக் கழிவறையிலிருந்தும் சமையலறையிலிருந்தும் வெளியேறும் அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது? அது போய்ச் சேரும் ஆறு என்ன ஆகிறது? அந்த ஆறு கடலைத் தொடும் இடத்தில் வாழும் மக்களுக்கு அதனால் என்ன வருகிறது? கிள்ளான் ஆற்றை எடுத்துக்காட்டாக வைத்து இவற்றைப் பார்ப்போம்.

தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களுக்கும், இன்றும் வாழ்கிறவர்களுக்கும் ஆறு புதிதல்ல. துணி துவைத்ததும், பிள்ளைகள் தூண்டில் போட்டதும் அங்கேதான். பல இடங்களில் கழிவறையும் ஆற்றோரத்தில்தான் இருந்தது. "ஆறு கொண்டுபோய்விடும்" என்று சொல்லிக்கொண்டோம். ஆட்கள் குறைவாகவும், ஆற்றில் தண்ணீர் நிறைவாகவும் இருந்தவரை அந்தப் பேச்சில் ஓரளவு உண்மையும் இருந்தது. ஏனென்றால், ஆற்றுக்குத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் சக்தி உண்டு.

அந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது? ஆற்று நீரில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. மலம், எச்சில் சோறு, இலை, தழை எதுவாக இருந்தாலும் அவை அதைத் தின்று செரித்துவிடும். ஆனால், அப்படிச் செரிப்பதற்கு அவற்றுக்குப் பிராணவாயு வேண்டும். நாம் காற்றிலிருந்து மூச்சு வாங்குகிறோம். மீனும் நுண்ணுயிரும் நீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவை வாங்குகின்றன. தண்ணீர் கல்லில் மோதி, நுரைத்து, விழுந்து ஓடும்போது காற்றிலிருந்து புதிய பிராணவாயு அதில் கரைகிறது.

இதை ஒரு குடும்பத்தின் வரவு செலவாக எண்ணிப் பாருங்கள். காற்றிலிருந்து கிடைப்பது வரவு. கழிவைச் செரிப்பதற்கு ஆவது செலவு. வரவுக்குள் செலவு இருந்தால் ஆறு தலைநிமிர்ந்து ஓடும். செலவு மிஞ்சினால் ஆறு கடனாளி ஆகிவிடும்.

அந்தச் செலவு எவ்வளவு என்று கணக்கிடலாம். நம்முடைய தட்பவெப்ப நிலையில், ஒரு லிட்டர் சுத்தமான ஆற்று நீரில் ஏறக்குறைய 8 மில்லிகிராம் பிராணவாயுதான் கரைந்திருக்கும். மலேசியாவில் கழிவுநீர்க் கட்டுமானங்களைத் திட்டமிடும் பொறியாளர்கள், ஓர் ஆள் ஒரு நாளில் 225 லிட்டர் கழிவுநீர் வெளியேற்றுவதாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி வெறும் தண்ணீர்தான். ஆயிரத்தில் ஒரு பங்குதான் அழுக்கு. இருந்தாலும், அந்தக் கழிவுநீரில் ஒரு லிட்டரைச் செரிக்க ஏறக்குறைய 250 மில்லிகிராம் பிராணவாயு செலவாகும். பெருக்கிப் பாருங்கள். ஓர் ஆளின் ஒரு நாள் கழிவு, 7,000 லிட்டர் நல்ல தண்ணீரில் உள்ள பிராணவாயு முழுவதையும் உறிஞ்சிவிடும். வீட்டு வாசலில் மழைத்தண்ணீர் பிடிப்போமே, அந்த 44 காலன் எண்ணெய்ப் பீப்பாய். அதில் 35 பீப்பாய்த் தண்ணீர்! ஐந்து பேர் உள்ள ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்கு 175 பீப்பாய். இது ஒரு வீட்டின் கணக்கு. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்கிறவர்களோ 70 லட்சத்துக்கும் மேல்.

இனி, கிள்ளான் ஆற்றின் வழியே போய் வருவோம். கோலாலம்பூருக்கு வடகிழக்கே உள்ள மலைக்காட்டில் அது பிறக்கிறது. அங்கே தண்ணீர் பளிங்குபோல் இருக்கும். 1958-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கிள்ளான் கேட்ஸ் அணைக்கட்டு அந்த மேட்டு நிலத்து நீரைத்தான் தேக்கி வைக்கிறது. அணையைத் தாண்டி அம்பாங் வழியாக நகருக்குள் நுழைந்து, மஸ்ஜித் ஜாமேக் பள்ளிவாசல் அருகே கோம்பாக் ஆற்றோடு கலக்கிறது. கோலாலம்பூர் என்ற பெயருக்கே சேற்று முகத்துவாரம் என்று பொருள். அந்தச் சங்கமத்தை வைத்து வந்த பெயர் அது. அந்நாளில் அதில் கலந்தது ஈயச் சுரங்கத்துச் சேறு. பின்னாளில் ஊர் பெருகப் பெருக, வீட்டுக் கழிவும் சேர்ந்துகொண்டது. செங்கல் சூளைகளால் பெயர் பெற்று, இரயில்வேத் தொழிலாளர்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸின் ஓரமாக ஆறு ஓடுகிறது. பிறகு பந்தாய், பூச்சோங், ஷா ஆலாம், கிள்ளான் என்று 120 கிலோமீட்டர் கடந்து, கிள்ளான் துறைமுகத்தருகே மலாக்கா நீரிணையில் விழுகிறது.

இந்த வழியில் ஒவ்வோர் ஊரும் தன் பங்கைச் சேர்க்கிறது. சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் கலக்கக் கலக்க, ஆற்றில் பிராணவாயு குறைகிறது. லிட்டருக்கு 4, 5 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான மீன்கள் திணறும். நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும் மீன், காற்றுக்குத் தவிக்கும் மீன். பிராணவாயு முற்றும் தீர்ந்துபோனால், அது இல்லாமலே வாழும் வேறுவகை நுண்ணுயிர்கள் தலையெடுக்கும். அவை கழிவை அழுக வைக்கும்போது கிளம்புவதுதான் அழுகிய முட்டை நாற்றம். தண்ணீர் கறுப்பதற்கும் அதுவே காரணம். ஆகவே, ஆறு கறுத்து நாறுகிறது என்றால் அதன் மூச்சு நின்றுவிட்டது என்று பொருள்.

கடலில் கலந்ததும் எல்லாம் கரைந்து போய்விடாதா என்று சிலர் கேட்கலாம். கடலோர மக்களின் கஷ்டம் இங்கேதான் தொடங்குகிறது. கிள்ளான் துறைமுகத்தில் நாளுக்கு இருமுறை கடல் ஏறி இறங்குகிறது. பெரிய ஏற்ற நாட்களில், ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் 4 மீட்டருக்கும் மேல். கடல் ஏறும்போது உப்புநீர் ஆற்றின் வாய்க்குள் புகுந்து, இறங்கி வரும் தண்ணீரைத் தடுத்து நிறுத்துகிறது. கடலுக்குப் போன அழுக்கில் ஒரு பகுதியும் திரும்பி வருகிறது. இறங்கும்போது போவதும், ஏறும்போது வருவதுமாக, கழிவு முகத்துவாரத்திலேயே ஊசலாடிக்கொண்டிருக்கிறது. உப்புநீர் பட்டவுடன் ஆற்று நீரில் மிதந்து வரும் நுண்ணிய அழுக்குத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்துச் சேறாகப் படிகின்றன. போதாக்குறைக்கு, உப்புநீரில் கரையும் பிராணவாயு நன்னீரில் கரைவதைவிடக் குறைவு. அழுக்கு அதிகமாகச் சேரும் இடத்தில் ஆற்றின் வரவோ குறைந்துபோகிறது.

முகத்துவாரத்தைச் சுற்றிச் சதுப்புக் காடுகளும் தீவுகளும் இருக்கின்றன. அந்தக் கண்டல் மர வேர்களுக்கிடையில்தான் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. அங்குள்ள கெத்தாம் தீவில், சேற்றில் கால் ஊன்றிய மரவீடுகளில் மீனவர்கள் வாழ்கிறார்கள். கழிவறைகள் நேரே கீழேயுள்ள நீரில் விழும்படிதான் அங்கே நெடுங்காலமாக இருந்தன. மேலே நகரத்தின் கழிவு, கீழே தங்கள் கழிவு; நடுவிலே அவர்களுடைய பிழைப்பு. ஆற்றின் கடைசிப் பகுதியில் இருப்பவன் தன் அழுக்கோடு மேலே உள்ள அத்தனை பேரின் அழுக்கையும் சுமக்கிறான். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, கிள்ளான், காப்பார், ஷா ஆலாம் பக்கங்களில் குடியேறிய நம் குடும்பங்கள் பல. அவர்களும் அந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கிறார்கள்.

நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், நோயைப் பொறுத்துக்கொள்ள முடியுமா? மனித மலத்தில் நோய்க்கிருமிகள் கலந்து வரக்கூடும். காலரா, குடற்காய்ச்சல் என்னும் டைபாய்டு, சீதபேதி, மஞ்சள் காமாலையில் ஒரு வகை, குடற்புழு ஆகியவை இந்த வழியாகப் பரவுகிறவை. எல்லாக் கிருமிகளையும் தனித்தனியே தேடுவது கடினம். ஆகையால் ஆய்வாளர்கள், மனிதர், விலங்குகளின் குடலில் வாழும் கோலிபார்ம் என்னும் ஒரு வகை நுண்ணுயிரை எண்ணிப் பார்க்கிறார்கள். அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். குளிக்கவும் நீந்தவும் ஏற்ற ஆற்று நீரில், 100 மில்லிலிட்டருக்கு 400-க்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது மலேசியாவின் அளவுகோல். சுத்திகரிக்கப்படாத கழிவுநீரிலோ அது பத்து லட்சத்தையும் தாண்டும். ஆகவே, கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற தண்ணீர்கூடச் சுத்தமான தண்ணீர் என்று சொல்ல முடியாது.

சிப்பி சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாம் கெராங் என்று சொல்லும் சிப்பி, முகத்துவாரச் சேற்றில் வாழ்கிறது. தண்ணீரை உள்ளே இழுத்து, வடிகட்டி, அதிலுள்ள உணவைத் தின்பது அதன் வழக்கம். நீரில் நோய்க்கிருமி இருந்தால் அதுவும் சிப்பியின் உடலில் சேர்ந்துகொண்டே போகும். 1988-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சீனாவின் ஷாங்காய் நகரில் ஏறக்குறைய 3 லட்சம் பேருக்கு ஒரே சமயத்தில் மஞ்சள் காமாலை கண்டது. காரணத்தைத் தேடியபோது, கழிவுநீர் கலந்த கடலோரத்தில் எடுத்த சிப்பிகளை அரைவேக்காடாகத் தின்றதுதான் என்று தெரிய வந்தது. கொதிநீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து ருசி பார்க்கும் பழக்கம் நம் நாட்டிலும் உண்டு. ருசி அரை நிமிடம். படுக்கை பல வாரம்.

கடலோரத்தில் இல்லாதவர்களும் தப்பிவிட முடியாது. கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்த் தண்ணீரில் ஒரு பகுதி லங்காட் ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. கழிவில் அம்மோனியா என்னும் பொருள் இருக்கிறது. கழிவறையில் மூக்கைத் துளைக்கும் நெடி அதனுடையதுதான். குடிநீரைச் சுத்திகரிக்கச் சேர்க்கும் குளோரினை அம்மோனியா பிடித்துக்கொண்டு, அதன் வேலையைக் கெடுத்துவிடும். 2014-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் லங்காட் ஆற்றில் அம்மோனியா மிகுந்துபோனதால், செராஸ் 11-ஆவது மைலிலும் புக்கிட் தம்போயிலும் உள்ள குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. ஆறு கொண்டுபோனது, குழாய் வழியாக வீட்டுக்கே திரும்பி வரப் பார்த்தது.

இதற்கெல்லாம் மாற்று உண்டா? உண்டு. அதைப் புரிந்துகொள்ளத் தோட்டத்தைவிட நல்ல பாடசாலை வேறில்லை. செம்பனை ஆலைக்குப் பக்கத்தில் வரிசையாகக் குளங்கள் வெட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் குளம் கறுப்பாகக் கொப்புளித்துக்கொண்டிருக்கும். கடைசிக் குளம் ஓரளவு பச்சையாகத் தெளிந்திருக்கும். செம்பனை ஆலைக் கழிவு, வீட்டுக் கழிவுநீரைப்போல் நூறு மடங்கு கடுமையானது. அதன் ஒரு லிட்டரைச் செரிக்க ஏறக்குறைய 25,000 மில்லிகிராம் பிராணவாயு வேண்டும். 1970-களில் அது அப்படியே ஆறுகளில் விடப்பட்டு, பல ஆறுகள் நாசமாயின. 1974-ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1977-இல் செம்பனை ஆலைகளுக்கென்றே விதிகள் எழுதப்பட்டன. 1978-இல் 5,000 என்று தொடங்கிய வரம்பு, படிப்படியாக இறக்கப்பட்டு, 1984-இல் 100 ஆனது. அந்த வரம்புக்குள் வருவதற்காகப் பரவியவையே இந்தக் குளங்கள். ஆற்றில் நடக்க வேண்டிய செரிமானத்தைக் குளத்திலேயே நடத்தி முடிக்கிறார்கள். அதுதான் அவற்றின் இரகசியம்.

வீட்டுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் இதே வேலையைத்தான் செய்கிறது. முதலில் சல்லடை வைத்துத் துணி, பிளாஸ்டிக் போன்றவற்றைத் தடுப்பார்கள். பிறகு மணலையும் எண்ணெயையும் பிரிப்பார்கள். அதன்பின் பெரிய தொட்டிகளில் காற்றை ஊதி, நுண்ணுயிர்களுக்கு வேண்டிய பிராணவாயுவைக் கொடுப்பார்கள். கழிவைத் தின்று கொழுத்த நுண்ணுயிர்கள் அடியில் படிந்ததும், மேலே தெளிந்த நீரை ஆற்றில் விடுவார்கள். குடிநீர் எடுக்கும் இடங்களுக்கு மேலே விடும் நீரின் அளவு லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள்ளும், மற்ற இடங்களில் 50-க்குள்ளும் இருக்க வேண்டும் என்பது சட்டம். 250 எங்கே, 20 எங்கே! கோலாலம்பூரின் பந்தாய் டாலாம் பகுதியில், ஏறக்குறைய 14 லட்சம் பேரின் கழிவுநீரை ஏற்கும்படி பூமிக்கு அடியில் ஒரு பெரிய நிலையம் 2017-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் மேலே பொதுமக்களுக்கான பூங்கா இருக்கிறது.

அண்டை நாடான சிங்கப்பூரின் அனுபவமும் நமக்குத் தைரியம் தருகிறது. நாறிக் கிடந்த சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தம் செய்யும் வேலை 1977-இல் தொடங்கி, 1987-இல் முடிந்தது. பன்றிப் பண்ணைகளையும் ஆற்றோரத் தொழில்களையும் இடம் மாற்றினார்கள். தெருவோர அங்காடிக்காரர்களுக்கு வேறு இடம் கொடுத்தார்கள். கழிவுநீர்க் குழாய்களை இணைத்தார்கள். பத்தே ஆண்டுகளில் மீன் திரும்பி வந்தது. கோலாலம்பூரிலும் 2012-இல் வேலை தொடங்கிய ஆற்றுத் திட்டம், தலைநகர்ப் பகுதி ஆறுகளைக் குளிக்கத் தகுந்த தரத்துக்கு உயர்த்த வேண்டும் என்று இலக்கு வைத்தது. ஆனால், ஷா ஆலாமுக்கும் கிள்ளானுக்கும் போகும் நீண்ட கீழ்ப்பகுதி அதில் அடங்கவில்லை. மேலே ஆறு தெளிந்தால் கீழேயும் நன்மைதான். என்றாலும், கடைசிப் பகுதியில் உள்ளவர்கள் தங்கள் ஊருக்காகவும் குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் நம் வீட்டில் நாம் செய்யக்கூடியது என்ன?

முதலாவது, கழிவுத்தொட்டி. குழாய் இணைப்பு இல்லாத வீடுகளில் செப்டிக் தொட்டி இருக்கும். அடியில் சேறு நிரம்பிவிட்டால், உள்ளே போகும் மலம் அப்படியே வெளியேறி வாய்க்காலுக்கு வந்துவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆகையால், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரி வரவழைத்துச் சேற்றை உறிஞ்சி எடுக்கச் செய்ய வேண்டும். உறிஞ்சிய சேற்றை ஆற்றிலோ புதரிலோ கொட்டாமல் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகும், அனுமதி பெற்றவர்களையே அழைக்க வேண்டும்.

இரண்டாவது, சமையலறை. பழைய வீடுகள் பலவற்றில், பாத்திரம் கழுவிய தண்ணீர் நேரே மழைநீர் வாய்க்காலில் விழுகிறது. அங்கிருந்து ஆற்றுக்குத்தான் போகும். பொரித்த எண்ணெயையும் எச்சில் சோற்றையும் அதில் கொட்டாதீர்கள். எண்ணெயைப் போத்தலில் சேர்த்து வைக்கலாம். சோற்றைக் குழி வெட்டி உரமாக்கலாம்.

மூன்றாவது, பிள்ளைகள். கழிவு கலக்கும் ஆற்றிலும், வெள்ளம் ஏறிய வாய்க்காலிலும் அவர்களை இறங்க விடாதீர்கள். கழிவறைக்குப் போய் வந்த பிறகும், சாப்பாட்டுக்கு முன்பும் சோப்புப் போட்டுக் கைகழுவும் பழக்கம் ஆயாக்கொட்டகை வயதிலேயே வரவேண்டும். கிணற்று நீரையும் ஆற்று நீரையும் தளதளவென்று கொதிக்க வைத்தே குடியுங்கள். கெராங் வாங்கினால் நன்றாக வேகவையுங்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், கரண்டியைத் தலைதட்டி அளந்து கலந்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

நான்காவது, உரிமை. தோட்டக் குடியிருப்புகளில் சுத்தமான தண்ணீரும் ஒழுங்கான கழிவறை வசதியும் நிர்வாகத்தின் தயவில் கிடைப்பவை என்று எண்ண வேண்டாம். 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் அவற்றை நிர்வாகத்தின் கடமையாக ஆக்கியிருக்கிறது. கழிவறை உடைந்து வாய்க்காலில் வழிந்தால், தொழிற்சங்கத்திடமும் தொழிலாளர் இலாகாவிடமும் எழுத்து மூலம் சொல்லுங்கள். ஆறு கறுத்து நாறினால், எந்த இடம், எந்த நாள், எந்த நேரம் என்று குறித்துச் சுற்றுச்சூழல் இலாகாவுக்குத் தெரிவியுங்கள். செம்பனை ஆலைகள் குளம் வெட்டியது சட்டம் வந்த பிறகுதான் என்பதை மறக்க வேண்டாம்.

நேயர்களே, கிள்ளான் வட்டாரம் இதைவிடப் பெரிய சோதனையையும் வென்ற ஊர். 1901-ஆம் ஆண்டில் கிள்ளானிலும், அந்நாளில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்று பெயர் கொண்டிருந்த இன்றைய கிள்ளான் துறைமுகத்திலும் மலேரியா காய்ச்சல் மக்களை வாரிக்கொண்டு போனது. மால்கம் வாட்சன் என்ற மருத்துவர், கொசு வளரும் சதுப்பு நீரை வாய்க்கால் வெட்டி வடியச் செய்தார். காய்ச்சல் அடங்கியது. தேங்கிய நீரை ஓடவிட்டு நோயை வென்றது அன்றைய தலைமுறை. ஓடுகிற நீரில் எதை விடுகிறோம் என்று பார்த்து நோயை வெல்வது நம் தலைமுறையின் வேலை.

ஆறு எதையும் கொண்டுபோய்விடுவதில்லை. இன்னொருவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைக்கிறது. அந்த வாசலில் விளையாடும் பிள்ளையும் நம் பிள்ளைதான். ஆகவே, ஆற்றில் போட்டாலும் அளந்து போடுவோம். மலக்கழிவை மட்டும் அளந்துகூடப் போடாமல் இருப்போம்.